மாசிக்குத் தள்ளிவை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பொங்கல் லீவில் கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் ரெண்டு பேரோடு வந்து கோரையாற்றில் கயாக் விடப்போவதாகச் சொன்னாய். போனில் சரி சரி என்றுவிட்டேன். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வா, படகை மாசிக்கு வைத்துக்கொள்.

தையில் வாடைக்காற்று ஓய்ந்திருக்காது. மேட்டூர் அணையை மூடுவதும் ஜனவரி 28 கணக்குதான், அதுவரை ஆற்றில் ஓட்டம் இருக்கும். ஜாம்புவானோடையில் இறங்கினால் ஆற்றோட்டமும் வாடையும் சேர்ந்து தெற்கே முத்துப்பேட்டை லகூன் (கடலோர உப்பங்கழி) பக்கம் தள்ளிக்கொண்டு போகும். போகும்போது சுகமாகத்தான் இருக்கும். திரும்பும்போது ரெண்டையும் எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும். புதுக் கைக்கு மணிக்கு 3 கிலோமீட்டரே பெரிசு.

எனக்கு 22 வயசில் இதே தப்பைச் செய்தேன். நானும் ஒரு சிநேகிதனும் இரவல் தோணியில் லகூனுக்குள் போய்விட்டோம். கடல் உள்வாங்கித் தண்ணீர் வத்துவது முதலில் தெரியவே இல்லை. அடியில் சர்ரென்று ஒரு உரசல், அவ்வளவுதான், தோணி உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தேன். முழங்காலுக்கு மேல் புதைந்தது. ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. சுற்றிலும் சேறு பொட்டுப் பொட்டென்று வெடித்துக்கொண்டிருந்தது. கண் ரெண்டும் தலைமேல் துருத்திய மீன்கள் பக்கத்திலேயே தத்தித் தத்திப் போயின. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பொழுது சாயும் நேரத்தில், தோணி ஓரத்தில் கிடந்த அலையாத்தி இலை ஒன்று மெதுவாக வடக்கே நகர்ந்தது. ஏத்தம் வந்துவிட்டது, கடல் தண்ணீர் திரும்ப ஏறுகிறது. அந்த இலையை இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனால் தண்ணீருடைய நேரத்துக்குத்தான் நாம் போக வேண்டும். மாசி வளர்பிறை தசமியை ஒட்டி நாள் பார்த்திருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியில் ஏறுவதும் வத்துவதும் வேகமாக இருக்கும். அஷ்டமி தாண்டி ரெண்டு நாளில் அடங்கியிருக்கும். அஷ்டமியிலேயே புறப்பட்டால் அம்மா விடமாட்டாள், தசமி அவளுக்கும் சம்மதம். ஏத்தம் நாளுக்கு ரெண்டு நாழிகை, அதாவது முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, பிந்தும். நாகப்பட்டினத்து ஏத்த வத்த அட்டவணையைப் பார்த்துக்கொள், ஆனால் கடலில் ஏறிய பிறகுதான் உள்ளே ஏறும். எவ்வளவு பிந்தும் என்று படகுக்காரர்களிடம் நானே போய்க் கேட்டு வருகிறேன். வத்தத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் இறங்கி, லகூன் வாய்க்கு முன்னாலேயே நின்று, ஏத்தத்தோடு திரும்பிவிடுங்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது, அதையும் கேட்டு வைக்கிறேன். லைஃப் ஜாக்கெட் மூன்று பேருக்கும் கட்டாயம். உன்னுடையது காற்றடைக்கிற கயாக் என்றாய். அலையாத்தியின் மூச்சுவேர் பென்சில் மாதிரி குத்திட்டு நிற்கும், வேரில் சிப்பி ஒட்டியிருந்தால் கத்திதான். 2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த மரங்களின் கட்டைகளும் தண்ணீருக்கடியில் இருக்கலாம். கரையோரம் ஒதுங்காமல் நடு ஆற்றில் போ. தில்லை மரத்தை ஒடிக்காதே, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நீடாமங்கலத்திலிருந்தே விட்டு வரலாமா என்றும் கேட்டாய். அங்கே பக்கத்தில் மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறு பிரிகிற அழகைக் கரையில் நின்று காட்டுகிறேன். ஆனால் அங்கே படகு வேண்டாம். மதகு இழுத்தால் ஆள் தப்ப முடியாது. வழியெல்லாம் வெங்காயத்தாமரை வேறு.

அந்த இலை நகர்ந்த இடத்தை உனக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. உன் கயாக் எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து எழுது. நான் இப்போது 68 கிலோ.

அன்புடன்,
அப்பா