சங்க ஆண்டறிக்கை: எஸ்டி சான்றிதழ் வேலை பத்தி கொஞ்சம் விவரமா

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு துணி, ஜூன்ல நோட்டு புக், ஒரு கண் முகாம், எல்லாம் நல்லபடியா நடந்துச்சு.

மத்தபடி வருஷம் பூரா ஏரிக்கரை இருளர் பழங்குடிப் பிள்ளைங்க எஸ்டி சான்றிதழுக்குத்தான் அலைஞ்சோம். இதுக்கு எதுக்கு சங்கப் பணம்னு சிலர் கேட்டீங்க, அதனால சொல்றேன். எஸ்டி சான்று ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர், தரணும், அங்க போனா அப்பா அம்மா சான்று கொண்டாங்கறாங்க, பள்ளிக்கூட வாசலையே பாக்காதவங்க எங்கேர்ந்து கொண்டு வருவாங்க? விசாரணைக்கு வந்த அதிகாரி, பாம்பு பிடிக்கறது இருளரோட பழைய தொழிலாச்சேன்னு, ஒரு பெரியவர்கிட்ட பாம்பு பிடிக்கத் தெரியுமான்னு கேக்குறார். 1972 வனவிலங்கு சட்டத்துக்கு அப்புறம் அந்தப் பிழைப்பே போச்சு, வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிக்கறவங்க கூட்டுறவு சங்கத்துல லைசென்ஸ் இருக்கறவங்கதான் விஷம் எடுக்கப் பிடிக்கலாம். பேன்ட் போட்ட பையன்னா உன்னப் பாத்தா இருளர் மாதிரி இல்லையேங்கறாங்க.

சான்று இல்லேன்னா ஸ்காலர்ஷிப் இல்ல, படிப்பு பத்தாவதோட நிக்குது. குடிசை புறம்போக்குல, பட்டா இல்லாததால வீட்டுத் திட்டமும் வராது. ஆஸ்பத்திரி செலவுன்னா யாரும் கடன் தரமாட்டாங்க, அட்வான்ஸ் தர்றது செங்கல் சூளைக்காரர்தான், வாங்கிட்டா குடும்பத்தோட அங்கயே கெடக்கணும், கணக்கு தீர்றதே இல்ல. கொத்தடிமை ஒழிப்பு சட்டம் வந்தது 1976ல! இத்தன கதவையும் சாத்திட்டு, அவங்க சோம்பேறிங்கன்னு நம்ம தெருவுலயே பேசுறது எனக்கு ரொம்ப வலிக்குது.

சில பிள்ளைங்களுக்கு சான்று கெடச்சுது, ஒரு பொண்ணு நர்சிங் சேர்ந்திருக்கு. ஆனா விசாரணை அன்னிக்கு ஊர்க்காரங்க நாலு பேர் வந்து இவங்க இங்கயே பொறந்து வளந்தவங்கன்னு சொல்லுங்கன்னு கெஞ்சினேன், பொருளாளரத் தவிர ஒருத்தரும் வரல. பாதிப் பேர் சந்தாவும் கட்டல, ரெண்டு வருஷ பாக்கி வச்சிருக்கறவங்களும் இருக்கீங்க.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியா போச்சு, ஜெராக்ஸ், ஆட்டோ செலவுதான் ஜாஸ்தி, பில்லு பொருளாளர்கிட்ட இருக்கு, பாக்கலாம். தலைவர், துணைத் தலைவர், பந்தல் போட்டுக் கொடுத்த நண்பர் எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் தனியா என்னால இத இழுக்க முடியாது. இன்னும் நெறைய மனு ஆபீஸ்ல கெடக்கு. சந்தா பாக்கிய கூட அப்புறம் பாத்துக்கலாம், விசாரணை அன்னிக்கு கூட வந்து நிக்க முடிஞ்சவங்க இந்தக் கூட்டம் முடியறதுக்குள்ள பேர் கொடுத்துட்டுப் போங்க.