பழைய படங்களை அனுப்பும் முறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாறு 2023இல் நினைவுகூரப்பட்ட பின்னர், தோட்டங்களில் தகரப் பெட்டிகளுக்குள் கிடந்த பழைய படங்களும் செக்ரோல் எனும் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டின் பக்கங்களும் பிரஜாவுரிமைச் சான்றிதழ்களும் கைபேசியில் படமெடுக்கப்பட்டு வட்ஸ்அப் குழுக்களில் வலம் வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அவை எந்த நிலையில் வந்து சேருகின்றன என்பதை எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

12 மெகாபிக்சல் படமொன்று சுருக்கப்படாவிட்டால் ஏறத்தாழ 36 மெகாபைட் இடம் பிடிக்கும். 1992இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஜேபெக் (JPEG) எனும் படச்சுருக்க முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுண்விபரங்களைக் கைவிட்டு, அதனைச் சில மெகாபைட்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் நமது மலைச்சரிவுகளில் இந்தச் சுருக்கம் இல்லையேல் படமே வந்து சேராது. ஆகவே அதனைக் குறைகூற நான் எழுதவில்லை. வட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பும்போது படத்தின் அளவும் குறைக்கப்பட்டு, அது மேலும் ஒருமுறை சுருக்கப்படுகிறது என்பதே என் கவலை. அவ்வாறு இழந்த உண்மையான விபரத்தை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

கைபேசியின் சிறு திரையில் இந்த இழப்பு தெரிவதில்லை. வேலைக்குமுன் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில் ஒரு தோட்டமே திரண்டு நிற்கும் படத்தைப் பெரிதாக்கி அச்சிட முனையும்போதுதான், முகமொன்றுக்குச் சில புள்ளிகளே எஞ்சியிருப்பதும், நிற்பவர் யாருடைய அப்பாயி என்று அடையாளம் காண முடியாதிருப்பதும் புலப்படும். பின்னணியிலுள்ள பனிமூட்டத்தில் சதுரங்கள் தோன்றும். மையெழுத்துகளின் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் கறை தெரியும். நிறம் சார்ந்த விபரமே பெரும்பாலும் அதிகம் குறைக்கப்படுவதால், சான்றிதழொன்றில் நமக்கு மிகத் தேவையான சிவப்பு முத்திரை விரைவில் கலங்கிவிடும்.

கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ பென் டிரைவில் பிரதி செய்வதாலோ படம் கெட்டுவிடும் எனச் சிலர் அஞ்சுவது தேவையற்றது. வெட்டித் திருத்தி மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும்தான் இழப்பு கூடுகிறது. (ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவோரைப் பற்றி என்ன சொல்வது!)

எனவே, தங்கள் பத்திரிகை வாசகர்களிடம் பழைய படங்களைக் கோரும்போது, அவற்றை வட்ஸ்அப்பில் ‘டொக்கியூமென்ட்’ ஆகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்புமாறு ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். ஆவணங்களை ஸ்கேன் செய்வோர், இழப்பின்றிச் சேமிக்கும் பிஎன்ஜி வடிவில் ஒரு மூலப்பிரதியை வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் ஜேபெக் பிரதியைப் பயன்படுத்தலாம் என்பதையும் அதனுடன் குறிப்பிட்டால் நன்று.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.