டத்தோவுக்கு எழுதுமுன் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கச்சிக்கு,

டத்தோவுக்கு அனுப்ப என்று நீ எழுதி, நேற்று ராத்திரி புலனத்தில் எனக்குக் காட்டிய கடிதத்தைப் படித்தேன். பாட்டி பால்மரம் வெட்டியதில் ஆரம்பித்து, சித்தப்பா செம்பனைக் குலை அறுப்பது, நீ ஆறாம் படிவம் படிப்பது என்று எல்லாம் வருகிறது, கடைசி வரியில் ‘என் எதிர்காலத்துக்கு வழி காட்டுங்கள்’. அழகாகத்தான் இருக்கிறது, மலாயில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் இதைப் படித்துவிட்டு அந்த மனிதர் என்ன செய்வார், சொல்லு? செம்பனை நோய்களை ஆராய்கிறவர். யாரோ ஒரு பெண்ணின் எதிர்காலம் முழுசும் மின்னஞ்சலில் வந்து உட்கார்ந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைப்பார், அந்த அப்புறம் வராது. ‘யாங் பெர்பஹாகியா டத்தோ’ என்பதை மட்டும் எடுத்துவிட்டால் இதே கடிதத்தை வங்கி மேலாளருக்கும் அனுப்பலாம்.

டத்தோவைத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று சித்தப்பா விசாரிக்கிறாராமே. அவரைக் கோபித்துக்கொள்ளாதே, அது தோட்டத்துப் பழக்கம். துரையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் முதலில் கங்காணி, அப்புறம் கிராணி, அதற்கும் பிறகுதான் துரை வீட்டுப் படி, அதுவும் படிக்குக் கீழே நின்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளையும் இடித்த பிறகும் நமக்குப் பெரிய மனிதரைப் பார்க்க நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. டத்தோ எழுதிய கட்டுரையின் முதல் பக்கத்திலேயே மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, நீதான் எனக்குக் காட்டினாய். அதைப் போட்டிருப்பதே எழுதுவதற்குத்தான்.

சரி, என்ன எழுதுவது? போன மாதம் மறுநடவுப் பக்கம் வாய்க்கால் ஓரமாக என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே. அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான், மேலே அரக்குப் பூசிய மாதிரி பளபளப்பு, ஓரத்தில் வெள்ளை. தலையில் விரியாத குருத்துகள் ஈட்டி மாதிரி நின்றன. ஒரே வரிசையில் ஐந்து மரம் என்று எண்ணி நோட்டில் குறித்தும் வைத்திருந்தாய். அந்த நோட்டுப் பக்கம்தான் உன் கடிதம், பாட்டி கதை இல்லை. பழைய மரத்தின் கட்டையைத் தோண்டி எடுக்காமலே பக்கத்தில் கன்று நட்டார்கள் என்று சித்தப்பா சொன்னதையும் சேர்த்துக்கொள். கனோடெர்மா என்கிற அந்தக் காளான் நோய் மண்ணில் கிடக்கும் பழைய வேர் வழியாகவும் பரவும், காற்றில் வரும் காளான் தூளாலும் பரவும் என்கிறார்கள். ‘இந்த ஐந்து மரத்துக்கு நோய் எந்த வழியாக வந்தது என்று நான் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?’ இதை மட்டும் கேள். மருந்து என்ன என்று கேட்டுவிடாதே. முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை என்பது பத்து நிமிசம் தேடினாலே தெரிந்துவிடும், தேடக்கூட இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

நம்ம சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன், தொழிலாளிகளே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனாரே, அங்கே அமைச்சர்தான் கேட்கிறவர், தொழிலாளிதான் கொடுக்கிறவர். அவர் கேட்டது நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். கொடுக்கிற ஆள் ஆமாம், இல்லை என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம். அந்த அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் நீ கேட்பது.

நான் பண்ணின கூத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் வயசில் ஒரே கடிதத்தை ஒன்பது பேருக்கு ஒன்றாக அனுப்பினேன், ஒன்பது முகவரியும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. எட்டுப் பேர் வாயே திறக்கவில்லை. ஒருவர் மட்டும், ‘தம்பி, இதில் எனக்கான கேள்வி எது?’ என்று எழுதினார். ஒரு வாரம் மின்னஞ்சலைத் திறக்கவே வெட்கமாக இருந்தது.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இரண்டு வரியில் ஒரு தடவை நினைவுபடுத்து, அதோடு விட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு எழுது. கணித மேதை ராமானுஜனே 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதுவதற்கு முன்னால் கேம்பிரிட்ஜில் இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பார்த்தார், அவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஹார்டிக்குப் போன கடிதத்திலும் தன்னைப் பற்றிக் கொஞ்சம்தான், மீதி பக்கம் பக்கமாகக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு மோட்டாரில் வருகிறேன், ஐந்து மரத்தையும் படம் எடுத்துவிடுவோம். காளான் பக்கத்தில் வைத்து எடுக்க உன் பள்ளிக்கூட அடிக்கோல் வேண்டும். மறுநடவு எந்த வருசம் நடந்தது என்று சித்தப்பாவிடம் இப்போதே கேட்டு வை, அவர் வேலைக்குப் போய்விட்டால் பிடிக்க முடியாது.

அண்ணன்