குளத்து மண்ணும் சித்திரம்தான்

வன்னிப் பாடசாலைகளின் சித்திர ஆசிரியர்களுக்கும், ஓவியப் போட்டிகளை நடத்தும் கலாசார உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியின் இயற்கைக் காட்சிப் பிரிவுக்குப் படமொன்றைக் கொடுத்திருந்தேன். கோடையில் வற்றிய இரணைமடுக் குளம். பலகையில் குளத்துச் சேறு, அதன்மேல் வண்ணம், அக்கரைக் காட்டுக்குப் பன்னாடை. “இது சித்திரமும் இல்லை, கைப்பணியும் இல்லை, நீடிக்கவும் மாட்டாது” என்று திருப்பித் தந்தார்கள்.

பரிசு கிடைக்கவில்லை என்று இதை எழுதவில்லை. அன்று சுவரில் தொங்கிய மாணவர் படங்கள்தான் என்னை எழுதவைக்கின்றன. பெரும்பாலானவற்றில் இரண்டு மலைகள், நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு. வன்னியில் அந்த மலைகள் எங்கே இருக்கின்றன? எங்கள் ஊரில் மிக உயரமான நிலம் குளக்கட்டு. அதில் ஏறி நின்றால் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல், கரையோரம் மருது, அப்பால் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு. அந்தக் கட்டு வழியே பள்ளிக்கு வரும் பிள்ளை ஏன் மலையை வரைகிறது?

ஆவணியில் குளம் வற்றும்போது சேறு பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பைத் தூரிகையால் பலமுறை வரைந்து பார்த்தேன், உயிரில்லை. மண்ணையே அரித்தெடுத்து, விளாம்பிசினில் குழைத்துத் தடிப்பாகப் பூசினேன். காய்ந்தபோது குளத்தைப் போலவே வெடித்தது. ஆனால் உதிர்ந்தும் போனது. வீட்டுக்கு மண்சுவர் வைக்கும்போது அம்மா வைக்கோலை நறுக்கிச் சேர்த்துக் குழைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வைக்கோல் சேர்த்தேன், பிடித்துக்கொண்டது. இன்று என் பலகைகளில் வீதியோரச் செம்மண் இருக்கிறது, கொக்கிளாய்க் கரையின் கருமணல் இருக்கிறது. மரப்பட்டை என்றால் தானாக விழுந்ததை மட்டுமே எடுக்கிறேன்.

இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. 1912 இலேயே பிக்காசோ தன் ஓவியத்தில் மெழுகுத்துணியை ஒட்டிவிட்டார். உலகப் போர் முடிந்த 1945 இல் ஜெர்மனியில் பிறந்த ஓவியர் அன்செல்ம் கீஃபர், வைக்கோலையும் சாம்பலையும் களிமண்ணையும் கொண்டு தன் நாட்டின் வயல்களை ஆக்கினார். போர் கடந்துபோன நிலத்தை வெறும் வண்ணத்தால் மட்டும் சொல்ல அவருக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

போருக்குப் பின் மீள்குடியேறிய நாள்களில் நம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னோம்: நிலத்தில் கிடப்பது எதையும் தொடாதே. உயிர் காத்த பாடம் அது. கண்ணிவெடி உண்டென்று மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் இன்றும் அதுவே பாடம். ஆனால் என்னிடம் படிக்கும் ஒரு சிறுமியிடம் அவளுடைய சொந்த வளவு மண்ணில் ஒரு பிடி கொண்டுவரச் சொன்னேன். “எடுக்கலாமா?” என்று தாயிடம் கேட்டுவிட்டே கொண்டுவந்தாள். அந்த மண்ணால் அவள் செய்த சிறு படத்தில் மலை இல்லை; கிணறும் ஒற்றைப் பனையும் இருந்தன.

அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தில் ‘கலப்பு ஊடகம்’ என்று, வண்ணத்தோடு மண், நார் போன்ற வேறு பொருள்களும் சேர்ந்த படங்களுக்காக, ஒரு வரி சேருங்கள். ஆசிரியர்களே, ஒரு பாடவேளையாவது பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

திருப்பித் தந்த பலகை என் வீட்டு விறாந்தையில் நிற்கிறது. மூன்று மாரி கண்டுவிட்டது, ஒரு பாளமும் உதிரவில்லை. ஐயம் இருந்தால் வந்து தொட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஓர் ஓவியர்