அம்மாவுக்கு, என் மூலையிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, தம்பி எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ எப்போதும் நின்றுகொண்டேதான் பேசுகிறாய். அடுப்பில் ஏதாவது இருக்கும், இல்லையென்றால் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். கடிதம் என்றால் உட்கார்ந்து படிப்பாய். இது உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, "எங்கடி உட்கார்ந்திருக்கே, இடம் புதுசா இருக்கே" என்று கேட்டாய். "வீட்டுலதாம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் வரை பெரிய பெட்டியை நான் முழுதாகப் பிரிக்கவே இல்லை. பாதித் துணி அதற்குள்ளேயே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறது. எப்படியும் ஒருநாள் காலி செய்யப் போகிற வீடுதானே, இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு கட்டில், சாப்பிட ஒரு மேஜை, ஒரு மர நாற்காலி. வார்டில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் நேராகக் கட்டில்தான். சாப்பிடுவது, உன்னிடம் பேசுவது, துணி மடிப்பது, அழுவது எல்லாம் அதன் மேலேதான். அப்புறம் ராத்திரி அதே கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது. தூக்கம் வராத நோயாளிகளிடம் நான்தான் சொல்வேன், படுக்கையைத் தூங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற வேலைக்கு வேறு இடம் வேண்டும் என்று. என் வீட்டில் அந்த வேறு இடம் இல்லை.

இங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். டியூட்டிக்குப் போகும்போது இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. வாரத்தில் ஐந்து நாள் என் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை.

மாற்றம் ஒரு நாற்காலியால் வந்தது. கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கப் போனபோது, தன்னுடைய கை வைத்த நாற்காலியை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. இரண்டு பேராக மாடிப்படியில் தூக்கி வந்தோம். அகலமான நாற்காலி, முதுகு கொஞ்சம் சாய்ந்திருக்கும், பச்சைத் துணி போட்ட மெத்தை. அதன் வலது கையில் நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு வார்னிஷ் தேய்ந்து மரமே பளபளக்கிறது. இடது பக்கம் அப்படி இல்லை. இத்தனை வருஷமும் அவர் வலது கையை அதே இடத்தில்தான் வைத்திருக்கிறார். நான் உட்கார்ந்ததும் என் கையும் தானாக அங்கேயே போய் விழுந்தது. ஒருத்தர் இத்தனை காலம் ஒரே இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், நான் ஒன்றரை வருஷமாக ஒரு நிமிஷம்கூட அப்படி உட்காரவில்லை என்று அப்போது தோன்றியது. அன்று ராத்திரியே பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

நாற்காலி வந்துவிட்டதே தவிர அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. முதலில் அறையின் நடுவில் போட்டேன். கால் நீட்ட வசதியாக இருந்தாலும் மனம் அமரவில்லை. முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் கழுத்து பின்னாலேயே திரும்பப் பார்க்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறையை மாற்றி அமைத்தபோது எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். அதில் ஜே ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1975-ல் எழுதிய ஒரு கருத்தைச் சொன்னார்கள். தான் மறைவாக இருந்துகொண்டு எதிரே இருப்பதைப் பார்க்க முடிகிற இடம்தான் மனிதருக்குப் பிடிக்கும் என்பது அவர் கருத்து. முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு வெளி. திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் ஏன் அத்தனை சுகம் என்று அப்போது புரிந்தது. நாற்காலியை மூலைக்கு நகர்த்தினேன். முதுகுக்குச் சுவர், இடது பக்கம் ஜன்னல், எதிரே கொஞ்சம் தள்ளிக் கதவு. அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது.

அதே வகுப்பில் சொன்ன இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டுப் பார்த்தார். சிலருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் இது வெளிவந்தது. பார்த்தது 46 பேரைத்தான், இருந்தாலும் இன்றைக்கும் ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் இதைப் பேசுகிறார்கள். என் ஜன்னலில் ஒரே ஒரு மரம் தெரியும், இப்போது இலை எல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கிறது. அது போதும்.

ஜன்னல் விஷயத்தில் ஒரு தப்பும் செய்தேன். வெளியே நன்றாகத் தெரியட்டும் என்று நாற்காலியைக் கண்ணாடியை ஒட்டியே போட்டுவிட்டேன். இரண்டே நாளில் இடது தோளும் கழுத்தும் பிடித்துக்கொண்டன. அறையில் 21 டிகிரி இருக்கிறது, ஜன்னலும் இறுக்கி மூடியிருக்கிறது, பிறகு எங்கிருந்து குளிர் வருகிறது என்று புரியவில்லை. காரணம் இதுதான்: பக்கத்தில் குளிர்ந்த கண்ணாடி இருந்தால் நம் உடம்புச் சூடு அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அடுப்புப் பக்கம் நின்றால் அனல் நம்மேல் அடிக்கிற மாதிரி, இங்கே நம் அனல் கண்ணாடிக்குப் போகிறது. போதாததற்குக் கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, கீழே இறங்கிக் காலில் வந்து பாயும். இந்த நாட்டு வீடுகளில் ஹீட்டரை ஜன்னலுக்குக் கீழேயே வைப்பது அந்தக் காற்றைத் தடுப்பதற்குத்தான். நாற்காலியை மூன்றடி உள்ளே தள்ளிப் போட்டேன். இருட்டியதும் கனமான திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன். திரை ஹீட்டரை மூடிவிடாதபடி கொஞ்சம் மடித்துத் தைத்தேன், கையால்தான். நீ சொல்லிக்கொடுத்த தையல், கோணல் இல்லை.

வெளிச்சத்துக்குத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். கூரையில் ஒரே ஒரு விளக்கு, கண்ணைக் கூசும் வெள்ளை. அதைப் போட்டால் வீடே வார்டு மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடியும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரு ஸ்டாண்ட் விளக்கு வாங்கினேன். வாங்கி மாட்டியும் அதே வெள்ளைதான். அப்புறம்தான் பல்பு அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருப்பதைக் கவனித்தேன். 2700 என்றால் நம் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. எண் ஏற ஏற நீலம் கூடும். நான் பார்க்காமல் வாங்கியது 6500.

இது கண்ணுக்கு அழகா இல்லையா என்பதோடு முடிகிற விஷயம் இல்லை. பார்ப்பதற்காக இல்லாமல், இப்போது பகலா ராத்திரியா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே நம் விழித்திரையில் சில செல்கள் இருக்கின்றன. அவை தாமே வெளிச்சத்தை உணரக்கூடியவை என்பதை 2002-ல்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நீல வெளிச்சம் பட்டால் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்கிற மெலடோனின் சுரப்பதும் தள்ளிப்போகும். பகல் முழுக்க வெயிலையே பார்க்காமல் இருந்துவிட்டு, ராத்திரி அந்த வெள்ளை விளக்கின் கீழ் பதினொரு மணி வரை இருந்திருக்கிறேன் நான். உடம்புக்கு எது பகல், எது ராத்திரி என்று எப்படித் தெரியும்?

பல்பை மாற்றினேன். ஸ்டாண்டின் உயரத்தையும் குறைத்தேன். உட்கார்ந்தால் பல்பு கண்ணில் படக்கூடாது, கூண்டின் விளிம்பு கண் மட்டத்துக்கு வரவேண்டும். எழுதும்போது கை நிழல் தாளில் விழாமல் இருக்க விளக்கு இடது தோளுக்குப் பின்னால் நிற்கிறது. முதல் தடவை கூரை விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டபோது அறையே மாறிவிட்டது. கட்டிலும் மேஜையும் அலமாரியும் இருட்டில் பின்வாங்கிக்கொண்டன. நாற்காலி, ஒரு முக்காலி, சுவரில் ஒரு வட்டம் மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான் மிச்சம். சுவர் கட்டாமலே வீட்டுக்குள் ஒரு சின்ன அறை கிடைத்தது.

மீதி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. காலடியில் தடித்த கம்பளம் போட்டதும் அறையின் எதிரொலி போய்விட்டது. முன்பு ஒரு கை தட்டினால் டங்கென்று திரும்பி வரும், இப்போது அப்படியே அடங்கிவிடுகிறது. ஜன்னல் கட்டையில் ஒரு மணி பிளாண்ட். கை எட்டும் தூரத்தில் முக்காலி, அதன்மேல் மூக்குக்கண்ணாடி, இரண்டு புத்தகம், குடிக்க ஏதாவது. எட்டாத தூரத்தில் இருந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் வேறு வேலை கண்ணில் படும், அப்புறம் திரும்பி வரமாட்டோம். போன் சார்ஜரை வேண்டுமென்றே எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டேன். உன்னிடம் பேசுவதற்கு மட்டும் போனுக்கு இந்த மூலையில் அனுமதி.

தினமும் வந்ததும் அரை மணி நேரம் இங்கே. எதையும் முடிக்க வேண்டியதில்லை, அதற்குத்தான் இந்த இடம். போன மாதம் எங்கள் வார்டில் நான் மூன்று வாரம் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர் இறந்துபோனார். அன்று வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இங்கே உட்கார்ந்தேன். விளக்கைப் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, தெருவிளக்கின் கீழே வரும்போது மட்டும் ஒவ்வொரு துணுக்கும் கண்ணுக்குத் தெரியும், அப்புறம் மறையும். கை அந்தத் தேய்ந்த மரத்தின் மேல் இருந்தது. அழுது முடித்து, எழுந்து, சாப்பிட்டு, கட்டிலுக்குப் போய்த் தூங்கினேன். முதல் குளிர்காலத்தில் இது என்னால் முடிந்திருக்காது அம்மா.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் உன்னை நினைத்தேன். நம் வீட்டில் அப்பாவுக்குச் சாய்வு நாற்காலி இருக்கிறது, அதில் வேறு யாரும் உட்காரமாட்டோம். தம்பிக்கு மாடி அறை. எனக்கும் படிக்க ஒரு மேஜை போட்டுக்கொடுத்தீர்கள். நீ உட்காரும் இடம் எது என்று யோசித்தேன். சமையலறை வாசற்படி. பின்கட்டுப் படி. கட்டிலின் ஓரம், அதுவும் துணி மடிப்பதற்காக. முதுகு சாய நீ உட்கார்ந்து நான் பார்த்த ஞாபகமே இல்லை. இருபத்தைந்து வருஷம் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு இது கண்ணில் படவில்லை. மனசு ரொம்ப வலித்தது.

அதனால் கேட்கிறேன், மறுக்காதே. நடு அறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் இடையில் ஒரு இடம் இருக்கிறதே, பழைய பேப்பர்க் கட்டும் ஓடாத மேஜை விசிறியும் கிடக்கிற இடம். அங்கே சாயங்கால வெயில் வராது, ஜன்னலில் மரம் தெரியும், உட்கார்ந்தால் முதுகுக்குச் சுவர், வாசலும் பார்வையில் இருக்கும். அது உன் இடம். நாற்காலி தாழ்வாக இருந்தால் எழும்போது உன் முழங்கால் வலிக்கும். 18 அங்குல உயரமாவது இருக்கட்டும், ஊன்றி எழுந்திருக்கக் கை வேண்டும். மெத்தை ரொம்பப் புதையக்கூடாது. உட்கார்ந்தால் முழங்கால் மடிப்புக்கும் மெத்தை விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழையணும். விளக்கு என்னுடையதைவிடப் பிரகாசமாக வேண்டும். வயதாக ஆகக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் குறையும், பக்கத்தில் இருப்பதும் சரியாகத் தெரியாது, நீ பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். நிறம் மட்டும் அந்த 2700-தான், மறந்துவிடாதே.

இதெல்லாம் எதற்கு, படியே போதும் என்று சொல்வாய். எனக்குப் போதாது அம்மா. நான் போன் செய்யும்போது நீ அங்கே சாய்ந்து உட்கார்ந்து பேச வேண்டும், அடுப்பை அணைத்துவிட்டு.

தம்பியிடம் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அந்த விசிறியையும் பேப்பர்க் கட்டையும் எடுத்துவிடுவான். நாற்காலிக்குப் பணம் நான் அனுப்புகிறேன், அப்பாவிடமும் பேசுகிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். செருப்பில்லாமல் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் சமமாக ஊன்றி, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை எத்தனை அங்குலம் என்று தம்பியை அளக்கச் சொல். ஜன்னல் கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் வேண்டும். இரண்டையும் குறித்து வைத்துக்கொள், வியாழக்கிழமை ராத்திரி கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் மகள்