பஞ்சர் ஆகவில்லை

செந்தூல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. வாய் இறங்கவில்லை.

உன் மகள் நிச்சயத்துக்கு வராததற்கு நான் போனில் சொன்ன காரணம் பொய். டயர் பஞ்சர் ஆகவில்லை. நீ "சரி, விடு" என்று சொன்ன தோரணையிலேயே நம்பவில்லை என்று புரிந்துவிட்டது. உண்மையைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் நாய் ராஜுவையும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினோம். ஏழு மணிக்குப் புறப்பட வேண்டியது, உன் அண்ணன் ஒற்றைச் சட்டையைத் தேய்த்து முடிக்கப் பத்தரை ஆனது. தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தியபோது உச்சி வெயில். நான் கழிவறைக்கு ஓடினேன், அவர் காரில்தான் இருக்கிறார் என்று நினைத்து. நான் இரண்டே நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று நினைத்து, அவர் கொய்யா வாங்கப் போய்விட்டார். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் போனாராம், பெரிய உபகாரம். கழிவறை வரிசை பசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டம் மாதிரி நின்றது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தால் ராஜு பின் சீட்டில் கிடக்கிறான். நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்குகிறது, எச்சில் நூல்நூலாக வழிகிறது, எழுந்து நிற்கப் பார்த்துக் கால் மடங்கி விழுகிறான். எனக்குக் கை கால் ஓடவில்லையடி. பக்கத்துக் கடை மலாய்க்கார அம்மா ஒருவர்தான் ஓடி வந்தார். நாயைத் தொடவில்லை, ஆனால் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். நிழலுக்குத் தூக்கிப் போய் வயிறு, தொடை, பாதமெல்லாம் ஊற்றினோம். அட்டைப் பெட்டி மூடியால் விசிறினேன். பிறகு ஏர்கானை முழுதாக வைத்து ஈப்போவுக்குப் பறந்தோம். கிளினிக்கில் பார்த்தபோது உடல் சூடு 41 டிகிரி. நாய்க்கு 38, 39தான் சாதாரணமாம். டிரிப்ஸ் ஏற்றினார்கள். அன்று இரவு ஈப்போவில் ஒரு மலிவான ஹோட்டலில், பட்டுப்புடவைப் பெட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிழைத்துவிட்டான். இப்போது என் காலடியில்தான் குறட்டை விடுகிறான்.

டாக்டர் அம்மா திட்டவில்லை, கணக்குச் சொன்னார். வெளியே 32 டிகிரி என்றால் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 40 தாண்டிவிடுமாம், அரை மணி நேரத்தில் 50. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் ஒன்றும் பெரிதாகக் குறையாதாம். நமக்கு வேர்க்கிறது, நாய்க்கு மூச்சிரைப்பதுதான் வழி. காற்றே கொதித்தால் இரைத்து என்ன பயன்? நம் கணக்கு டீச்சர் இருந்திருந்தால் இரண்டு பேரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். அன்று ராத்திரி மலேசிய விலங்கு நலச் சட்டம் 2015 என்ன சொல்கிறது என்று போனில் தேடினேன். கொடுமை செய்தால் 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. கொய்யா பத்து ரிங்கிட்.

சொல்லக் காரணம் இருக்கிறது. அப்பாவின் பூனை தவுக்கேயை நீ இங்கே கொண்டுவரப் போகிறாய். பினாங்கு பிறை ஊரிலிருந்து கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர், அதுவும் வீட்டு வாசலைத் தாண்டாத பூனை. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. பயந்தால் நேரே பிரேக் மிதிக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளும். கூண்டை இப்போதே வாங்கிக் கூடத்தில் திறந்து போட்டு வை. உள்ளே அப்பாவின் பழைய கைலியை விரி, துவைக்காமல். அந்த நாற்காலியை விட்டு அது இன்னும் இறங்குவதில்லை என்றாயே, அந்த வாசனை இருந்தால் தானாக உள்ளே போகும். அப்பா போனதிலிருந்து நீயும் அந்த நாற்காலிப் பக்கம் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பாடு கொடுக்காதே, வாந்தி எடுக்கும். கூண்டை முன் சீட்டுக்குப் பின்னால் கீழே, ஆடாதபடி வை. முன் சீட்டில் வேண்டாம், காற்றுப்பை வெடித்தால் அதற்குத் தாங்காது. ராஜு இத்தனை நாள் என் மடியில் முன்னால் உட்கார்ந்து வந்ததை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது. அவனுக்கு மார்புப் பட்டை வாங்கிப் பின் சீட்டு பெல்ட்டில் மாட்டிவிட்டோம். கழுத்துப் பட்டையில் மாட்டக்கூடாதாம், திடீர் பிரேக்கில் கழுத்து போய்விடும். வழியில் எங்கே நின்றாலும் தவுக்கே எவ்வளவு கத்தினாலும் கூண்டைத் திறக்காதே. ஒருவர் இறங்கினால் ஒருவர் காரிலேயே, ஏர்கானோடு. யார் இறங்குகிறார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

கோபம் இருந்தால் திட்டி எழுது, பதில் போடாமல் மட்டும் இருக்காதே. கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன், அந்தப் புடவையோடு. ராஜுவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிவிட்டேன். உன் அண்ணனையும் சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு வரலாமா என்று யோசிக்கிறேன்.

உன்,
வசந்தா