விளக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஓவியக் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நம் பக்கம் நவீன ஓவியம் வருவதே அபூர்வம். அதனால் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் குறை.

அண்மையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அரூப ஓவியங்களை, அதாவது உருவம் இல்லாமல் வண்ணமும் கோடுமாக வரைந்தவற்றை, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்து, நேர் எதிரே டியூப் லைட் போட்டிருந்தார்கள். போனவர்கள் பார்த்ததெல்லாம் கண்ணாடியில் தங்கள் முகத்தைத்தான். சட்டம் போடாத ஒரே ஒரு படம் மூலையில் இருந்தது. நீல வண்ணத்தைக் கத்தியால் தடிமனாக அப்பி, காய்வதற்குள் சீப்பு மாதிரி எதையோ வைத்து இழுத்திருந்தார் ஓவியர். போன் டார்ச்சைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்தேன். வரிவரியாக நிழல் எழுந்தது. இரண்டடி தள்ளி நின்றால் அதே இடம் வெள்ளியாக மினுங்கியது. காவலுக்கு இருந்தவர் அணைக்கச் சொன்னார். சரி, அவர் வேலை அது.

உருவம் இல்லாத படத்தில் பார்ப்பதற்கு இருப்பதே இந்த விளையாட்டுதான். பிரெஞ்சு ஓவியர் பியேர் சூலாஜ் 1979 முதல் கேன்வாஸ் முழுக்கக் கறுப்பை அப்பி, அதைக் கீறியும் வழித்தும், அந்த மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் ஒளியையே ஓவியமாக்கினார். அதை இந்த மண்டபத்தில் மாட்டியிருந்தால் வகுப்பறைக் கரும்பலகைதான்.

அதற்காகச் சன்னலைத் திறந்து வெயிலை விட்டுவிடாதீர்கள். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த ஓவியங்களை 1964இல் பெரிய சன்னல்கள் உள்ள உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். வெயில் பட்டுச் சிவப்பு வெளிறி, 1979இல் கழற்றி உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. 2014இல் ப்ரொஜெக்டர் ஒளியைப் பாய்ச்சித்தான் பழைய நிறத்தைக் காட்டினார்கள்.

'நம்ம சனங்களுக்கு இதெல்லாம் புரியாது' என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். தண்ணீரின் நிறத்தையும் மினுக்கத்தையும் வைத்தே கீழே பாறையா மணலா என்று சொல்கிற பாம்பன் மீனவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! ஒரே பரப்பு வெளிச்சம் மாறினால் வேறாகத் தெரியும் என்பதை அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 'இது என்ன படம்?' என்று அவர் கேட்டால் விளக்க அட்டையை நீட்டாதீர்கள், நடந்து பார்க்க இடம் விடுங்கள்.

அடுத்த முறை கண்ணாடி வேண்டாம். படத்துக்கு ஒரு விளக்கு, அதுவும் பக்கவாட்டில், போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். கண்காட்சியை அப்போது, சாயங்காலத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் ஊர்ப் பக்கத்து ஓவிய ரசிகன்